பழைய பேட்ஜின் விலை என்ன?

(திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

தேர்தல் பேட்ஜைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். கூலி, போனஸ், பஞ்சப்படி என்று ஆயிரம் பிரச்னைகள் இருக்க, சட்டையில் குத்தும் தகரத் துண்டுக்கு என்ன வந்தது? நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, நம் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் அப்பனும் பாட்டனும் விட்டுப்போன பேட்ஜுகள் கிடக்கின்றன. மே தினப் பேட்ஜ், சங்க மாநாட்டுப் பேட்ஜ், தேர்தல் சின்னம் பொறித்த பேட்ஜ். வீடு மாறும்போது இவை பழைய இரும்போடு எடைக்குப் போகின்றன. அங்கிருந்து இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் கைக்குப் போகின்றன. எடைக்குப் போட்டவனுக்குச் சில்லறை. விவரம் சொல்லி விற்றவனுக்கு நோட்டு. பித்தளை ஒன்றுதானே, விலை ஏன் இரண்டாயிற்று? விவரத்துக்குத்தான் அந்த விலை. அந்த விவரம் யாரிடம் இருக்கிறது? நம்மிடம் இருக்கிறது!

சாட்சி எங்கே?

1918 ஏப்ரல் 27-ந் தேதி பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923 மே 1-ந் தேதி தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். பி அண்டு சி மில் 1996-ல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் நின்றது. ஆலை மூடினால் சம்பளப் பதிவேடும் போய்விடும். கம்பெனியின் சரித்திரத்தைக் கம்பெனியே எழுதி வைத்துக்கொள்ளும். தொழிலாளியின் சரித்திரத்துக்கு யார் சாட்சி? அவன் மார்பில் குத்திய பேட்ஜும் ஒரு சாட்சி. கம்பெனி தந்த எண் வில்லையை அவன் வயிற்றுக்காகத் தாங்கினான்; சங்கத்தின் பேட்ஜைத் தானாக விரும்பிக் குத்திக்கொண்டான்.

காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பேட்ஜில் பெரும்பாலும் வருஷம் இராது. சின்னத்தைப் பார்த்தால் வருஷம் தெரியும்.

1951–52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி ஓட்டுப் பெட்டி. அதன்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். எழுத்தறியாத மக்களுக்கு அதுவே வழிகாட்டி. காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள். வயலில் தினம் பிடிக்கும் அரிவாளை அடையாளம் காண எந்த விவசாயத் தொழிலாளிக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்?

தி.மு.க. முதன்முதலில் 1957-ல்தான் தேர்தலில் நின்றது. ஆகவே அதன் பெயரோடு உதயசூரியன் பொறித்த தேர்தல் பேட்ஜ் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது. அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் தேர்தல் சின்னமானது அதற்குப் பிறகு. 1969-ல் காங்கிரஸ் பிளந்தது; 1971 தேர்தலில் இந்திரா காங்கிரசுக்குப் பசுவும் கன்றும், ஸ்தாபனக் காங்கிரசுக்கு ராட்டை சுற்றும் பெண். கைச் சின்னம் 1978 முதல். இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்தது. 1989 சட்டசபைத் தேர்தலில் அது முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. அந்தத் தேர்தல் முடிந்ததும் இலை திரும்பி வந்துவிட்டது. அந்த அணிகளின் சேவலோ புறாவோ பொறித்த பேட்ஜ் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் ஆயுள் சில வாரங்கள்தான் என்று அறிக.

சங்கப் பேட்ஜுக்கும் இதே கணக்கு. ஏ.ஐ.டி.யு.சி. 1920, ஐ.என்.டி.யு.சி. 1947, சி.ஐ.டி.யு. 1970. அந்த வருஷங்களுக்கு முந்தியது என்று எவனாவது விற்க வந்தால், அவன் பொய் சொல்கிறான்!

விலை எதனால் ஏறுகிறது?

அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். அச்சடித்த காகிதத்தின்மேல் செலுலாய்டு போர்த்தி, பின்னால் ஊசி வைத்த பேட்ஜ் 1896 ஜனாதிபதித் தேர்தலில் அங்கே வெள்ளமாகப் பாய்ந்தது. ஜெயித்தவர்களின் பேட்ஜுகள் லட்சக்கணக்கில் கிடைப்பதால் விலை குறைவு. 1920-ல் தோற்ற காக்ஸ், ரூஸ்வெல்ட் இருவர் படமும் சேர்ந்த பேட்ஜுக்குப் பல்லாயிரம் டாலர். காரணம், பிரசாரத்துக்குப் பணமில்லாமல் கொஞ்சமே செய்தார்கள். அதே 1920-ல் சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறையிலிருந்தே போட்டியிட்டு ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். அவருடைய கைதி எண் 9653-ஐயே அவர் ஆதரவாளர்கள் பேட்ஜில் பொறித்தார்கள். அவமானச் சின்னத்தைக் கௌரவச் சின்னமாக்கினார்கள்!

ஆகவே நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை செய்தார்கள்? எத்தனை மிச்சம்? எந்த நிலையில் இருக்கிறது? யார், எந்த நாளில் குத்தினார்? நான்காவதற்குப் பதில் சொல்லும் சந்தா ரசீதோ, பேட்ஜோடு எடுத்த போட்டோவோ கூட இருந்தால் மதிப்பு உயரும்.

விலை உள்ள இடத்தில் போலியும் வரும். அங்கே போலிகள் பெருகியதால், நகல் பேட்ஜில் அது செய்யப்பட்ட வருஷத்தைப் பொறிக்க வேண்டும் என 1973-ல் சட்டம் போட்டார்கள். பல அமெரிக்கப் பேட்ஜுகளின் விளிம்பில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் சிறு முத்திரை உண்டு. வாங்குவோர் பூதக்கண்ணாடியில் அதைத் தேடுகிறார்கள். பார்த்தீர்களா, தொழிலாளியின் முத்திரையே அசலுக்குச் சாட்சி சொல்லுகிறது! நாமும் பேட்ஜைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அழுக்கேறி, பின்பக்கமும் ஊசியும் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

பித்தளைப் பேட்ஜைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பழைய நிறமும் எனாமலும் போய்விடும். நமக்குக் கடற்காற்று எதிரி. உப்பு தகரத்தைத் தின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, காகிதத்தில் தனித்தனியே சுற்றி, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். செலுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பருகே வேண்டாம்.

ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். குத்தியவர் பெயர், ஆலை அல்லது கிராமம், எந்தப் போராட்டம் அல்லது எந்தத் தேர்தல் என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வேலைநிறுத்தத்துக்கு முன் குத்திய கறுப்புத் துணியையும் எறியாதீர்கள். கடையில் அதற்குக் காலணா தரமாட்டான். ஆனால் அதைக் குத்திக்கொண்டு மெஷின் முன் நின்றவனின் துணிச்சலுக்கு அதுவே ஆதாரம்.

வறுமையில் விற்க நேர்ந்தால் அது குற்றமல்ல. விற்குமுன் போட்டோ எடுத்து, விவரத்தை எழுதிச் சங்க ஆபீசில் கொடுங்கள். எடைக்கு விற்காதீர்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க வியாபாரியை விடாதீர்கள். மொத்தமாக விலை பேசுங்கள்.

தோழர்களே! பெயர் தெரியாத பேட்ஜ் வெறும் தகரம். பெயரும் ஊரும் நாளும் சேர்ந்தால் அது சரித்திரம். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும், வியாபாரிக்குத் தெரியாது. இன்றிரவே பெட்டியைத் திறந்து பாருங்கள், எழுதத் தொடங்குங்கள்!