சாமியே வேஷம் கட்டுது, நமக்கென்ன வெட்கம்?

(தலைப்பு: ‘திருவிழாவில் வேஷம் கட்டுவது வீண் செலவே! வேண்டிய சந்தோஷமே!’ இதில் ‘வேண்டிய சந்தோஷமே’ என்ற அணியில் பொட்டிபுரம் தையல் ஆசிரியை ஆற்றிய உரை)

அன்பு நிறைந்த நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த அரங்கத்துக் கைதட்டலை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போன எதிரணி அண்ணன் அவர்களே! உலையை இறக்கி வச்சுட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற என் தாய்மார்களே!

எனக்குப் பொட்டிபுரம். போடிநாயக்கனூருக்குப் பக்கம். ‘நியூட்ரினோ ஆய்வுக்கூடம்’னு பேப்பரில் அடிபட்டதே, அதே பொட்டிபுரம்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடிக்கிட்டு எங்க மலைக்கு விஞ்ஞானிங்க வரப் பார்த்தாங்க. நான் கண்ணுக்குத் தெரியுற பொருளை, அதாவது துணியைத் தைச்சுப் பிழைக்கிறவ. (சிரிப்பு)

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? “வேஷம் கட்டுறது பொய். தான் இல்லாத ஒண்ணைத் தான்னு காட்டிக்கிறது. உழைக்கிறவனுக்கு இது எதுக்கு?”ன்னு கேட்டார். நல்லாத்தான் கேட்டார். ஆனா ஐயா, நிகழ்ச்சிக்கு முன்னால் ஒப்பனை அறையில் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து பவுடர் பூசிக்கிட்டது யாரு? சால்வையை இடது தோளில் போடவா, வலது தோளில் போடவான்னு ரெண்டு தடவை மாத்திப் பார்த்தது யாரு? (கைதட்டல்) நான் தையல்காரி. எங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது!

சரி, விஷயத்துக்கு வர்றேன். வேஷம் பொய்யின்னா, முதல் குற்றவாளி யாரு தெரியுமா? சாட்சாத் நம்ம அழகர்தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்மலையை விட்டு அவர் எப்படிப் புறப்படுறார்? வைகுண்டத்து ராஜாவா, வைரக் கிரீடத்தோட வர்றாரா? இல்லை ஐயா. கொண்டை போட்டு, கண்டாங்கி உடுத்தி, கையில் வளரித்தடி எடுத்து, கள்ளர் திருக்கோலத்தில் வர்றார். பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடை வாங்கிக்கிட்டு 20 கிலோமீட்டருக்கு மேல் பல்லக்கில் வர்றார். மதுரை எல்லையில் எதிர்சேவை. தல்லாகுளத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைப் போட்டுக்கிட்டு, கோலம் மாத்தி, தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்குறார். இன்னிக்குப் பச்சைப் பட்டா, சிவப்புப் பட்டான்னு லட்சோப லட்சம் ஜனம் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. அதோட விட்டாரா? அடுத்த ராத்திரி ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம். மீனாவார், ஆமையாவார், வாமனராவார், ராமராவார், கிருஷ்ணராவார், கடைசியில் மோகினியாவே வந்து நிப்பார். ஒரே ராத்திரியில் இத்தனை உடுப்பு மாத்துறவரை நான் எந்த சினிமாவிலும் பார்த்ததில்லை! (சிரிப்பு)

சாமிக்கே ஒரு கோலம் போதலை. மனுஷனுக்கு மட்டும் வருஷம் பூரா ஒரே வேட்டி, ஒரே சட்டை, ஒரே மூஞ்சி போதுமா?

அவருக்கு முன்னால் ஆடிப்பாடி வர்ற பக்தர்களைப் பார்த்திருப்பீங்க. திரியெடுத்து ஆடுறவங்க, துருத்தியில் தண்ணி பீய்ச்சுறவங்க. அந்த உடுப்பு இருக்கே, அது என் தொழில், அதனால் கொஞ்சம் நின்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தலையில் உருமால். முழங்காலுக்குச் சல்லடம். இடுப்பில் கச்சை. மேலே வெல்வெட் சட்டை. வெல்வெட்டை வெட்டுறதே ஒரு வித்தை. தடவிப் பார்த்தா ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் சொரசொரன்னு எதிர்க்கும். முன்பாகத்தை ஒரு திசையிலும், பின்பாகத்தை எதிர்த் திசையிலும் வெட்டிட்டா, ஒரே துணி ரெண்டு நிறமாத் தெரியும். அதுக்கு மேல் ஜரிகை லேஸ், கண்ணாடி வில்லை, சம்க்கி. ஆடுற உடம்பு, வேர்க்கிற உடம்பு. கைக்குழியில் தாராளம் விடலைன்னா தூக்குன கை இறங்குறதுக்குள்ள தையல் விட்டுரும்.

இந்த உடுப்பெல்லாம் எங்கே தைப்பாங்க? மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டின புதுமண்டபத்தில். கல்தூணுக்கு நடுவில் மெஷின் போட்டு வரிசையா உட்கார்ந்து தைப்பாங்க. அங்கே தைச்சவங்கள்ல இஸ்லாமிய பாய்மார் நிறையப் பேர். கருப்பசாமிக்குச் சல்லடம் தைச்சது யாரு? பாய்! அழகர் பக்தனுக்கு உருமால் கட்டிக் கொடுத்தது யாரு? பாய்! (பலத்த கைதட்டல்) இப்ப மண்டபத்தைச் சீர்செய்யணும்னு கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. இடம்தான் மாறுச்சு, சித்திரை வந்தா மெஷின் சத்தம் மாறலை. இந்த ஒத்துமையைத்தான் அண்ணன் ‘வீண் செலவு’ன்னு கணக்கு எழுதுறார்.

இப்ப எங்க அப்பா கதை. அப்பாவுக்குக் கேரளத்து ஏலக்காட்டில் கூலி வேலை. விடியும் முன்னாலேயே தூக்குவாளியோட ஜீப்பில் அடைஞ்சு உட்காரணும். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போனா மழை. பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியா மடிச்சுத் தலையில் போட்டுக்கிட்டு நாள் பூரா குனிஞ்சு நிக்கணும். ஏலக்காய் தட்டையோட அடியில், தரையை ஒட்டித்தான் காய்க்கும். நிமிர்ந்து நின்னு பறிக்க முடியாது ஐயா. முதுகு நிமிராத வேலை அது.

என் தம்பிக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்து பிழைச்சப்போ, அப்பா அழகருக்கு நேர்ந்துக்கிட்டார். அதிலிருந்து சித்திரைக்குச் சித்திரை வேஷம். தைச்சது ஒரே செட்டு, கட்டினது பதினோரு வருஷம். அண்ணன் செலவுக் கணக்கு கேட்டாரே, எழுதிக்கட்டும்! விரதம் இருந்து, உடுப்பைக் கட்டி, காலில் சலங்கையோட உண்டியலை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள வீடு வீடாப் போவார். அப்புறம் போடியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் மதுரை. (அந்த ரயிலை 2010 கடைசியில் நிறுத்தி, அகலப்பாதை போட்டு, மறுபடி போடிக்கு விட 2023 ஜூன் ஆயிருச்சு. அது தனிப் பட்டிமன்றம்!)

ஊர் சுத்தி வர்றப்போ அப்பாவோட கங்காணி வீடும் வரும். வருஷம் பூரா எங்க அப்பாவை “டேய்”னு தவிர வேற பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன். அவர் அன்னிக்குச் சொம்பில் தண்ணி கொண்டாந்து அப்பா காலில் ஊத்துவார். “சாமி, புள்ளைக்குத் திருநீறு பூசுங்க”ன்னு தலையைக் குனிவார். ஏலக்காட்டில் குனிஞ்சே நின்ன எங்க அப்பா, அன்னிக்கு நிமிர்ந்து நின்னு பூசுவார். பாவாடை கட்டின சின்னப் பிள்ளை நான், பக்கத்தில் நின்னு பார்த்தேன். (கைதட்டல்)

எதிரணி உடனே கேக்கும்: “மறுவாரம்?” மறுவாரம் ஜீப்பில் ஏறுறப்போ அதே “டேய்”தான். நான் மறைக்கலை. எனக்கே ஆத்திரம் வந்து அப்பாகிட்ட கேட்டேன். அவர் பீடியைப் பத்தவச்சுக்கிட்டுச் சிரிச்சார். “விடு தாயி. திருநீறு பூசுனது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்”னார். அந்தத் ‘தெரியும்’ங்கிற சொல்லுக்கு எதிரணி என்ன விலை போடும்?

இன்னொண்ணு, இது வேடிக்கை இல்லை. கள்ளர்ங்கிறது எங்க பக்கத்துப் பெரிய சமூகத்தோட பேரு. ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’னு வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டு வந்தான். 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். எங்க ஜனம் அதைக் கைரேகைச் சட்டம்னு சொல்லும். பிறமலைக் கள்ளர் வீட்டு ஆம்பிளைங்க ரேகை வைக்கணும், ராத்திரியில் போலீஸ் காவலில் போய்ப் படுக்கணும். திருடாதவனும் திருடன்தான், பிறக்கும்போதே திருடன்தான். எதிர்த்து நின்ன பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கியால் சுட்டான். மாயக்காள்னு ஒரு பெண்ணும் அதில் உயிரை விட்டாங்க. 1947-இல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிஞ்சது.

எதிரணி நண்பர்களே, அது என்ன தெரியுமா? அதுவும் ஒரு வேஷம்தான். சர்க்கார் தைச்சு, அளவு பார்க்காம மாட்டிவிட்ட வேஷம். கழட்ட முடியாத வேஷம். நீங்க திட்டணும்னா அதைத் திட்டுங்க. அதே காலத்திலும் அழகர் அதே கள்ளர் கோலத்தில்தான் ஆத்துக்கு வந்தார். (பலத்த கைதட்டல்)

கொஞ்சம் சிரிப்போம். எங்க அக்கா மகன் அமெரிக்காவில் டெக்சாஸ்ல இருக்கான். போன வருஷம் ஒரு போட்டோ அனுப்பினான். ஒரு கண்ணைக் கருப்புத் துணியால் மூடி, தலையில் முக்கோணத் தொப்பி, இடுப்பில் சிவப்புக் கச்சை, கத்தி. எங்க அக்கா நெஞ்சில் அடிச்சுக்கிட்டா. “ஏலக்காய் பறிச்சுப் படிக்க வச்சேனே, கொள்ளைக்காரனாப் போயிட்டானே, கண்ணு வேற போச்சே!”ன்னு. (சிரிப்பு)

விசாரிச்சா, அது அவங்க ஊர்த் திருவிழா. மறுமலர்ச்சிக் காலச் சந்தைன்னு சொல்லலாம். 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பில்லிஸ் பேட்டர்சன்னு ஒரு டீச்சரம்மா, பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்ததிலிருந்து ஆரம்பிச்சது. டெக்சாஸ்ல 1974-இலிருந்து நடக்குது. பழைய இங்கிலாந்து மாதிரி கடை, கூத்து, குதிரைச் சண்டை. ஜனங்க ராணியா, வீரனா, கடல் கொள்ளைக்காரனா வேஷம் கட்டிக்கிட்டு வருவாங்க. எங்க பையன் கம்ப்யூட்டரில் வேலை பாக்குறவன், சத்தமாப் பேச மாட்டான். அந்தத் தொப்பியை மாட்டினதும் முன்பின் தெரியாதவங்களோட “அர்ர்ர்”னு கத்திக் கதை பேசுறானாம். அந்த “அர்ர்ர்” எங்கிருந்து வந்தது? 1950-இல் வந்த ‘புதையல் தீவு’ படத்தில் ராபர்ட் நியூட்டன்னு ஒரு நடிகர் பேசின பேச்சு. அந்தக் கச்சையும் உருமாலும்? ஹோவர்டு பைல்னு ஒரு ஓவியர் படத்தில் போட்டுக் காட்டின உடுப்பு. நிஜக் கொள்ளைக்காரன் அப்படி இருந்தானோ இல்லையோ, ஜனத்துக்குப் பிடிச்சுப் போச்சு. நமக்கு மட்டும் என்னவாம்? 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தப்போ, எம்.ஜி.ஆர். கடல் கொள்ளைக்காரனாக் கப்பலில் நின்னதைப் பார்த்துட்டு, எத்தனை பேர் விளக்குமாத்துக் குச்சியைக் கத்தியா வீசினீங்க? இந்த அரங்கத்திலேயே இருப்பீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தச் சந்தையில் ஒரு சட்டம் எனக்குப் பிடிச்சது. வாள் கொண்டு வரலாம், ஆனா உறையோட சேர்த்து இறுக்கிக் கட்டிடணும், உருவக் கூடாது. நம்ம குலசேகரப்பட்டினத்துத் தசராவிலும் இரும்பு ஆயுதம் கொண்டு வராதேன்னு போலீஸ் சொல்லுது. அழகர் திருவிழாவில் பிரஷர் பம்பு வச்சுத் தண்ணி அடிக்காதே, துருத்தியில் பீய்ச்சுன்னு உத்தரவு வந்தது. நான் ஒத்துக்கிறேன், வரம்பு வேணும். குடிச்சிட்டு வேஷம் கட்டுறவனுக்கு நான் வக்கீல் இல்லை. அவன் வேஷம் கட்டாட்டியும் குடிப்பான்.

குலசையைப் பத்திச் சொல்லாம இறங்கினா முத்தாரம்மன் கோவிப்பா. நவராத்திரி வந்தா அந்தக் கடற்கரை ஊரில் காளி, குரங்கு, கரடி, போலீஸ், ராஜா, பிச்சைக்காரர்னு ஆயிரக்கணக்கில் வேஷம். காப்புக் கட்டி, வீடு வீடாத் தர்மம் எடுத்து, அந்தக் காசை அம்மன் உண்டியலில் போடுவாங்க. பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம். நல்ல வசதியுள்ளவங்களும் நேர்ந்துக்கிட்டுத் திருவோட்டோட வாசலில் நிக்கிறாங்க ஐயா. “அம்மா தாயே”ன்னு ஒரு நாள் கையேந்திப் பார்த்தவன், மறுநாள் தன் வாசலுக்கு வர்ற பிச்சைக்காரரைக் “கையை மடக்கிட்டுப் போ”ன்னு சொல்லணும்னா கொஞ்சம் வாய் கூசும்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். எங்க அக்கா இப்போ சமாதானமாயிட்டா. மகனுக்கு அடுத்த வருஷத்துக்குக் கொள்ளைக்காரச் சட்டை நான்தான் தைக்கணுமாம். கருநீல வெல்வெட், பதினாலு பித்தளைப் பொத்தான், கைக்குழியில் தாராளம். துணி ரெண்டு மீட்டர் மிஞ்சும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். எதிரணி அண்ணன் உடம்புக்குச் சரியா வரும். அளவு டேப்பைக் கையோட கொண்டு வந்திருக்கேன். நடுவர் ஐயா உத்தரவு கொடுத்தா, தீர்ப்புக்கு முன்னாடியே அளவு எடுத்துடுறேன்.

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)