‘டைட்ரேட்’ என்றொரு வினைச்சொல்



இங்கே பி.யு.சி. முடித்து மருத்துவத்துக்குப் போனவன் நான். வியாதியைப் பற்றிப் பேசிப் பயமுறுத்த மாட்டேன். கேஸ் ஷீட்டில் நாங்கள் தினமும் எழுதும் ‘டைட்ரேட்’ என்ற ஒரே சொல்லைப் பற்றித்தான் பேச்சு.

பியூரெட்டைத் திருகி, பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும் வரை சொட்டுச் சொட்டாக விட்டோமே, அதே சொல்தான். தமிழ்ப் பாடநூலில் ‘தரம் பார்த்தல்’. அருமையான பெயர்! மூலமும் அதுவே. லத்தீன் ‘டிட்டுலஸ்’ என்றால் பொறித்த எழுத்து, பட்டம். அது பிரெஞ்சில் ‘டீத்ர்’ ஆகி, தங்கம் வெள்ளியின் தரத்தையும் குறித்தது. நம்ம ஊர் ஆசாரி ‘மாற்று’ என்பாரே, அதுதான். 1830களில் பாரிஸ் நாணயச்சாலையில் கே-லூசாக் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். உப்புக் கரைசலை அளந்து விட்டு, வெண்படிவு உண்டாவது எப்போது நிற்கிறது என்று பார்த்துத் தரத்தைக் கணக்கிட்டார்.

எங்கள் வார்டுக்கு இந்தச் சொல் வந்தபோது, குடுவையின் இடத்தில் மனிதன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நார்அட்ரினலின் ஓடும். சராசரி ரத்த அழுத்தம் 65க்கு வந்ததா என்று பார்த்துப் பார்த்து நர்ஸ் சொட்டைக் கூட்டுவார், குறைப்பார்.

ஒரு நோயாளியின் மகன் கேட்டார்: “டைட்ரேட்னா கூட்டிக்கிட்டே போறதுதானே டாக்டர்?” அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு, கார்வெடிலால் தினம் இருவேளை 3.125 மி.கி. தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவோம். இவர் நாலே நாளில் கூட்டிவிட்டார்! பெரியவருக்கு நாடி இறங்கி, எழுந்து நின்றால் தலைசுற்றல். குறைத்தோம், தேறினார். “குறைச்சோமே, அதுவும் டைட்ரேட்தான் தம்பி” என்றேன்.

லேபில் ஒரு சொட்டு கூடிப்போனால் கீழே கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நிறமும் உடனே தெரியும். உடம்பில் அப்படியா? தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், சரிதானா என்று ரத்தத்தில் பார்க்க ஆறு வாரமாவது ஆகும். அதுவரை பியூரெட் மூடியே இருக்கணும்.

மீதிக் கேள்விகளுக்குச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.