ஜலதோஷம் இருக்கும்போது வாக்கிங் போகலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செக்ரட்டரி எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். அடுத்து மெயின்டனன்ஸ் கணக்கு வரப்போகிறது, அதற்குத் தொண்டையில் தெம்பு வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டாக்டர், மூக்கு ஒழுகுது, சிவன் பார்க்குக்கு வாக்கிங் போகலாமா?" ஒரு வாரம் விட்டால் சுகர் ஏறிவிடும் என்று கேட்பவருக்குக் கவலை. பனியில் போனால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் கவலை.

பனியை முதலில் முடித்துவிடுகிறேன். ஜலதோஷம் வைரஸால் வருவது. அதில் பெரும்பங்கு ரைனோவைரஸ். அதிலேயே 150 வகைக்கு மேல் உண்டு. இன்னொருவரிடமிருந்து வைரஸ் வந்து சேராமல், மார்கழிப் பனி மட்டும் யாருக்கும் ஜலதோஷம் கொடுக்காது. குல்லா போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் சமாதானமாவது இருக்கும்.

சரி, வந்துவிட்ட ஜலதோஷத்தோடு நடந்தால் அதிகமாகுமா? அமெரிக்காவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் குழுவினர் இதைச் சோதித்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 மாணவர்களுக்கு மூக்கு வழியாக ரைனோவைரஸைக் கொடுத்தார்கள். 34 பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிஷம் உடற்பயிற்சி செய்தார்கள், 16 பேர் செய்யவில்லை. பத்து நாள் பார்த்ததில் இரு தரப்புக்கும் ஜலதோஷத்தின் கடுமையும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றுதான். வியர்த்தால் சளி இறங்கிவிடும் என்பதும் இல்லை, நடந்தால் முற்றிவிடும் என்பதும் இல்லை. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்குகிறோம்.

அதனால் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கை வைத்துக்கொள்வோம். தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால், வழக்கத்தில் பாதி தூரம் மெதுவாக நடக்கலாம். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கக் கூடாது. நெஞ்சுச் சளி, இழுப்பு, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டில் இருங்கள். காய்ச்சல் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் தாக்கும். அபூர்வம்தான்; ஆனால் அந்த நிலையில் உடம்பை வருத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். இரவு டோலோ 650 ஒன்று போட்டுக்கொண்டு, காலையில் "காய்ச்சல் இல்லையே டாக்டர்" என்று ஷூவை மாட்டிக்கொள்வது. மாத்திரை இறக்கிய காய்ச்சல் போன காய்ச்சல் ஆகாது. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாளாவது காய்ச்சல் வராமல் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் இதைவிட முக்கியம் டெங்கு. அதில் மூக்கு ஒழுகுவது அவ்வளவாக இருக்காது. சுள்ளென்று காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பை முறிக்கும் வலி. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். சிலருக்கு ஆபத்தான கட்டம் ஆரம்பிப்பதே அப்போதுதான். "விட்டுடுச்சு" என்று பார்க்குக்குக் கிளம்ப வேண்டிய நாள் அது அல்ல. வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

கடையில் கேட்டு வாங்கும் ஜலதோஷ மாத்திரையையும் கவனியுங்கள். பலவற்றில் மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் இருக்கும்; பி.பி. உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல. கூடவே தூக்கம் வரவைக்கும் மருந்தும் இருக்கும். அந்த மயக்கத்தோடு விடிகாலை இருட்டில் பி.டி. ராஜன் சாலையைக் கடப்பது ஜலதோஷத்தைவிடப் பெரிய ஆபத்து. போகியன்று மட்டும் எல்லாருமே உள்ளே இருங்கள். 2018-ல் அந்தப் புகை சென்னை விமானங்களையே நிறுத்தியது. வீங்கிய மூச்சுக்குழாய் எம்மாத்திரம்?

பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் தள்ளி நடப்பவரால் பிறருக்குத் தொற்றுவது குறைவு. பார்க்குக்குப் போக நாம் இறங்கும் லிஃப்டில்தான் பிரச்சினை. நாலு பேர் நிற்கும் மூடிய பெட்டி அது. அதே லிஃப்டில் கைக்குழந்தையும் வருகிறது, கீமோ எடுத்துக்கொள்பவரும் வருகிறார். மாஸ்க் போடுங்கள், முடிந்தால் அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்கள். நம் ஜிம்முக்கு அந்த வாரம் வேண்டாம். சிரிப்பு யோகாவுக்கும் லீவு விடுங்கள், வட்டமாக நின்று வாயைத் திறந்து சிரிப்பதைவிட வைரஸுக்கு வசதி வேறில்லை.

என்னைக் கேட்டால் அந்த நாலைந்து நாளுக்கு நம் மொட்டை மாடியே போதும். வெயில் ஏறுவதற்குள் இருபது நிமிஷம் நடங்கள். தனியாகப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, மொபைலை எடுத்துக்கொண்டு போங்கள். மாடிக் கதவுச் சாவி வாட்ச்மேனிடம் காலை ஐந்தரைக்கே இருக்கும் என்று செக்ரட்டரி சொல்லியிருக்கிறார்.