விற்காத கதை

(நம் மொட்டைமாடித் திரையிடலில் ‘ரோமன் ஹாலிடே’ படம் முடிந்ததும் பேசியதன் எழுத்து வடிவம்)

பாயும் கொசுவத்தியுமாகக் கடைசிவரை உட்கார்ந்திருந்த உங்களுக்கு முதலில் நன்றி.

1953இல் வில்லியம் வைலர் இயக்கிய படம் இது. ஹாலிவுட்டில் செட் போடாமல் ரோமுக்கே போய் எடுத்தார்கள். பொய் சொன்னால் கையைக் கடிக்கும் என்ற அந்தக் கல் முகம் இன்றும் அங்கே ஒரு தேவாலய முகப்பில் இருக்கிறது. கிரெகரி பெக் கையைச் சட்டைக்குள் மறைக்கப் போவது ஆட்ரி ஹெப்பர்னுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டது நிஜ அலறல்! இந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் கிடைத்தது. நம் ‘மே மாதம்’ (1994) படத்துக்கும் மூலம் இதுதான்.

“கடைசியில் சேர்த்து வைக்காமல் விட்டுட்டாங்களே” என்று முன்வரிசையில் ஒரு மாமி வருத்தப்பட்டார். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.

ஜோ வாடகை பாக்கி வைத்திருக்கும் நிருபர். இளவரசியின் கதையைக் கொடுத்தால் 5,000 டாலர். அவன் கொடுக்கவில்லை. நண்பனும் எடுத்த படங்களை உறையில் போட்டு அவளிடமே நீட்டிவிடுகிறான். அந்தப் படத்தில் காதல் என்பது அதுதான்.

கதையை எழுதியவர் டால்டன் டிரம்போ. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, ‘நீ கம்யூனிஸ்டா’ என்று கேட்டபோது பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனவர். ஹாலிவுட் அவரை ஒதுக்கி வைத்ததால் கதை நண்பர் ஒருவர் பெயரில் வந்தது. கதைக்கான ஆஸ்கரும் அந்த நண்பர் பெயருக்கே போனது. டிரம்போ 1976இல் இறந்தார். அந்த விருது அவர் மனைவி கைக்கு வந்தது 1993இல். வாய் திறக்க மறுத்தவர் எழுதிய கதையில், நாயகனும் வாய் திறக்கவில்லை.

இப்போது நம் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. பொங்கல் விழாவில் யாரோ தன்னை மறந்து ஆடுகிறார். லிஃப்டில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். குரூப்பில் போட ஒரு நொடி போதும். அதற்கு முன் ஜோவை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு 5,000 டாலர் கிடைத்திருக்கும். நமக்குக் கிடைக்கப்போவது நாலு சிரிப்பு பொம்மை.

நாற்காலிகளை மடக்கி வைக்க நாலு பேர் மட்டும் இருங்கள்.