கட்ச் புல்வெளியின் வழியே

அகமதாபாத்திலும் வடோதராவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கட்சுக்குச் செல்வது பெரும்பாலும் வெண்ணிற உப்புப் பாலையைக் காணவே. பூஜ் நகரிலிருந்து காவ்டா நோக்கி வடக்கே செல்லும் சாலையில் கார் விரைகிறது. கடக ரேகையையும் கடந்துவிடுகிறோம். இருமருங்கும் உள்ள நிலத்தை வெறும் பொட்டல் என்று சொல்லிவிடுகிறோம். அப்பொட்டலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பன்னி என்பது அதன் பெயர். நம் செவிக்குச் சற்று நகைப்பூட்டலாம். ‘ஆக்கப்பட்டது’ என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆறுகள் கொணர்ந்த வண்டல் உவர் நிலத்தின்மீது படிந்து உருவானதாதலின் பெயர் பொருத்தமே. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழைநீர் வடிய வழியின்றித் தேங்கும். வற்றியபின் புல் எழும்.

இப்புல்லை நம்பி வாழ்வோர் மால்தாரிகள் என்னும் கால்நடை வளர்ப்போர். அவர்களுடைய எருமைகள் இரவெல்லாம் மேய்ந்து, விடியலில் பால் கறக்கத் தாமே வீடு திரும்பும். 2010-இல் பன்னி எருமை தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. குடிநீருக்கு ‘விர்டா’ என்னும் ஆழமற்ற ஊற்றுக் குழிகள் உண்டு. மழைநீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் மண்ணுக்கடியில் அதன்மேல் மிதந்து நிற்கும். அளவோடு தோண்டி அந்நன்னீரை மட்டும் முகந்துகொள்வர். வைகை மணலில் ஊற்றுத் தோண்டிப் பழகிய நம் பெண்மணிகளுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

1961-இல், உப்புப் பாலை பரவாது தடுக்கும் நோக்கத்துடன், வனத்துறையினர் இங்கு ஒரு மரத்தை நட்டனர். இன்று பல இடங்களில் சாலையிலிருந்து கண்ணுக்குப் படுவது புல்லன்று, அம்மரமே. கட்ச் மக்கள் அதனைக் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக் கருவேல், என்பர். இராமநாதபுரத்தார் கண்டவுடன் இனங்காண்பர்: நம் சீமைக் கருவேலமேதான்! அதன் நெற்றைக் கால்நடைகள் தின்றன, சாணத்தின் வழியே விதை பரவியது, புல் குன்றியது. மரமில்லா நிலம் பயனில்லா நிலம் என்று எண்ணியதே பிழை என்பது நம் கருத்து. ஆயினும் அம்மரத்தை வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்போர்க்கு இன்று சோறிடுவதும் அதுதான். ஆதலின் வெட்டியெறிக என்று சொல்லிவிடுவது எளிதன்று.

சாலையை விட்டு மண் தடங்களில் செல்வோர்க்கு ஒரு சொல். மழைக்காலம் கழிந்த பின்னரும் மேற்பரப்பு உலர்ந்து வெடித்திருக்க, அடியில் சேறு இருக்கும். முன்சென்ற சக்கரத் தடத்தை விட்டு விலகலாகாது; விலகினால் வண்டி புதைவதோடு புல்லும் நசுங்கும். மாலையில் எருமைகள் குறுக்கிட்டால் ஒலிப்பானை அடிக்காது காத்திருங்கள். திரும்பும் வழியில் பிரண்டியாரா கிராமத்தில் மாவா கிடைக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது, நம் பால்கோவாவுக்கு உறவு. சூடாக இருக்கும்போதே வாங்கி உண்ணுங்கள்.