வற்றுத் தண்ணியில் எட்டுப் பேர்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஏ.எல். எழுதியதோடு படிப்பை விட்டவன். இங்கு ஒரு தொழிற்சாலையில் மிசின் வேலை. விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசு என்று செயலாளர் அண்ணர் கேட்டார். கிரிக்கெற்றைப் பற்றி இங்கே இருக்கிற எல்லோருக்கும் என்னைவிடக் கூடத் தெரியும். ஆகவே தேம்ஸ் ஆற்றில் நடக்கிற படகோட்டப் போட்டி ஒன்றைப் பற்றிச் சொல்லுகிறேன். அதிலும் வயது போனவர்களின் போட்டி.

ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் ஓடுகிற போட்டியை ரீவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது பட்னியில் தொடங்கி மோட்லேக்கில் முடியும். நான் சொல்லுகிற போட்டி அதே தூரத்தைத் தலைகீழாக, மோட்லேக்கிலிருந்து பட்னிக்கு வருகிறது. நாலேகால் மைல், அதாவது 6.8 கிலோமீற்றர். இதை 1926ஆம் ஆண்டு தொடக்கி வைத்தவர் ஸ்டீவ் பெயார்பேர்ன் என்ற அவுஸ்திரேலியர். கேம்பிரிட்ஜில் படித்து, பிறகு படகோட்டம் பழக்கியவர். மாரி காலத்தில் படகுக்காரர் சும்மா இருக்கக்கூடாது, நீண்ட தூரம் வலிக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு ஒரு சாட்டாகத்தான் இந்தப் போட்டி. இன்றைக்கு மார்ச் மாதத்தில் நானூறு படகு வரை வருகின்றன. அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழமையாக, பட்னியில் உள்ள வெஸ்டா கழகம் மூத்தோருக்கு ஒரு போட்டி வைக்கிறது. கொரோனாவால் 2020இலும் 2021இலும் பெரிய போட்டி நடக்கவில்லை.

நானூறு படகு ஒரே ஆற்றில் எப்படி என்று கேட்பீர்கள். பக்கத்துப் பக்கத்தில் விடுவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, கிட்டத்தட்ட பத்து செக்கனுக்கு ஒன்று. ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி நேரம் எடுத்து, கடைசியில்தான் யார் முதல் என்று பார்ப்பது. முடிவு தெரிய அன்று பின்னேரமாகும். இதிலே ஒரு விசேசம் பாருங்கோ. படகு வலிக்கிறவர்கள் பின்பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். போகிற இடம் தெரியாது, துரத்தி வாறவன்தான் தெரியும். முன்னுக்குப் பார்க்கிறவர் ஒரே ஒருவர், சுக்கான் பிடிக்கிற கொக்ஸ். அவர் சொல்லுவதை மற்ற எட்டுப் பேரும் நம்பவேண்டும்.

இனித் தண்ணி. எங்களுக்கு வற்றுப் பெருக்கு என்றால் கடற்கரையில்தான். ஆனால் தேம்ஸில் கடல் தண்ணி ரெடிங்டன் மட்டும் ஏறி இறங்குகிறது. லண்டன் பிரிட்ஜ் பக்கம் பெரிய பெருக்கில் 7 மீற்றர் வரை ஏறும். பட்னிக் கரையில் கார் நிப்பாட்டிவிட்டுப் போய் திரும்பி வரும்போது சில்லு தண்ணிக்குள் நிற்கிற கதை அங்கே சாதாரணம். போட்டியை வற்றுத் தண்ணியில்தான் வைப்பார்கள். அதனால் தொடங்குகிற நேரம் ஒவ்வொரு வருசமும் மாறும். இழுவை கூடியது ஆழமான நடு ஓட்டத்தில். கரைப்பக்கம் போனால் ஓட்டம் மந்தம். கொக்ஸ்மார் எல்லோரும் அந்த நடு ஓட்டத்துக்குத்தான் அடிபடுவார்கள். பின்னால் வருகிற படகு முந்த வந்தால் முன்படகு விலகிக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். காற்று வற்றுக்கு எதிராக அடித்தால் அலை எழும். படகு 17 மீற்றருக்கு மேல் நீளம், அகலம் இரண்டடி. தண்ணி உள்ளே வந்தால் கதை முடிந்தது.

என்னோடு வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரர், மிசின் திருத்துகிற பகுதியில் இருக்கிறார், வயது 64. அவர் இப்படி ஒரு படகில் வலிக்கிறார். இராவேலை முடிந்து நாங்கள் படுக்கப் போகேக்கை அவர் ஆற்றுக்குப் போவார். அவரிடம்தான் மூத்தோர் கணக்கைப் படித்தேன். எட்டுப் பேரின் வயதையும் கூட்டி எட்டால் பிரிக்கவேண்டும், கொக்ஸின் வயது சேராது. சராசரி 27இலிருந்தே மூத்தோர் என்று கணக்கு! 50, 55, 60, 65, 70 என்று மேலே மேலே பிரிவுகள். வயதுக்குத் தக்கபடி நேரம் கழித்தும் ஒரு பரிசு உண்டு.

அவருடைய படகின் சராசரி 65க்குக் கொஞ்சம் மேலே. அவர்களில் மூன்றாம் இடத்தில் இருந்தவர் புற்றுநோயில் இறந்துபோனார், வயது 68. ஆள் தேவை. கழகத்தில் 41 வயது ஒருவர் நல்ல பலசாலி, வாறன் என்று நின்றார். அவரை ஏற்றினால் சராசரி 62க்கு வந்துவிடும், ஒரு பிரிவு கீழே. பலம் கூடும், வயதின் சலுகை குறையும். இதை வைத்து அவர்கள் இரண்டு கிழமை வாக்குவாதப்பட்டார்களாம். கடைசியில் 71 வயது மனுசன் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். முன்பு அவர்களோடு வலித்தவர், பெண்சாதி இறந்தபிறகு இருபது வருசமாகத் துடுப்பைத் தொடாதவர். கணக்குச் சரிவந்தது என்று எங்கடையாள் சிரித்தார். ஆனால் கணக்குக்காகத்தான் என்று நான் நம்பவில்லை.

அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை என்ரை மாமாவையும், அதாவது மனைவியின் தகப்பனாரையும், கூட்டிக்கொண்டு போனேன். மாமா ஊரில் வொலிபோல் விளையாடியவர். இங்கு வந்து பிறகு, மாரிகாலத்தில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வாசல் தாண்டமாட்டார். ஹமர்ஸ்மித் பாலத்துக்குக் கிட்ட தெற்குக் கரையில் நின்றோம். (இந்தப் பாலம் வெடிப்பு விட்டு 2019இல் வாகனங்களுக்குப் பூட்டியது, 2020இல் அடியால் படகு போகவும் விடவில்லை, 2021 ஜூலையில்தான் திரும்ப விட்டார்கள்.) நல்ல குளிர். எங்களுக்கே அப்படியென்றால், மேலே சிசிக் பாலத்துக்கு அங்காலை வரிசையில் ஒரு மணித்தியாலம் அசையாமல் காத்திருக்கிற அந்தக் கிழவர்மாரை நினைத்துப் பாருங்கோ.

படகு வந்தது. எட்டுத் தலையும் நரை, இரண்டு தலை மொட்டை. எட்டுத் துடுப்பும் ஒன்றாக விழுந்தது. மூன்றாம் இடத்து மனுசனின் முகம் சிவந்து, வாய் திறந்து, ஆனால் நேரம் தப்பவில்லை. நிமிடத்துக்கு 27 வலி, 22 நிமிடம், ஏறக்குறைய அறுநூறு தரம். பாலத்தைத் தாண்டினதும் ஒருவரின் துடுப்பு தண்ணிக்குள் சிக்கியது. இங்கத்தையார் அதை நண்டு பிடிக்கிறது என்பார்கள். எங்கடையாக்கள் கேட்டால் கறிக்கு எண்டு நினைப்பினம். இரண்டு வலி பிழைத்து, மூன்றாவதில் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள்.

மாமா கன நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "தம்பி, இவைக்கு ஒரே ஆக்களோடை கிழவராகக் கிடைச்சிருக்கு. என்னோடை விளையாடின ஆறு பேரிலை ரெண்டு பேர் இல்லை. ஒருத்தன் கனடா, ஒருத்தன் பிரான்ஸ். மற்றவன் எங்கையெண்டே தெரியாது."

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் சொன்னேன்: மாமா, அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் முதன்முதல் துடுப்புப் பிடித்தவர்கள். ஒருவர் போலந்துக்காரர், இங்கு வரும்போது ஒருவரையும் தெரியாது. மாமா யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது கேட்டார், "உங்கடை சங்க மண்டபத்தின்ரை உயரம் எவ்வளவு? நெற் கட்டலாமோ?"

தலைவர் அவர்களே, அந்தக் கேள்வியை இன்றைக்கு உங்களிடம் தந்துவிடுகிறேன். மாமா பின்வரிசையில்தான் இருக்கிறார், ஐம்பதுக்கு மேற்பட்ட வேறு நாலு பேரின் பெயரும் அவரிடம் இருக்கிறது.

எங்கடை தொழிற்சாலைக்காரரிடம் திங்கட்கிழமை முடிவைக் கேட்டேன். போன முறையைவிட நாலு இடம் கீழேயாம். அடுத்த முறையும் அதே எட்டுப் பேர்தானாம். வந்து பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிய என்னிடம் பெயரைத் தாருங்கோ. ரிக்கற் இல்லை. கரைப்பாதை ஈரமாக இருக்கும், நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வாருங்கோ. தேத்தண்ணி நான் கொண்டு வாறன்.