இடம் மாறிய மின்னஞ்சல்

ஹடப்சரில் வீடு மாறுவோர் புது முகவரியைத் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதுண்டு. சொந்த இணையப் பெயரை வேறு நிறுவனத்தின் சேவையகத்திற்கு மாற்றிய நாமோ அதனை மறந்தோம். வலைப்பக்கம் உடனே தோன்றியது; கடிதங்கள் நின்றன. அன்னையாரின் அறுவைச் சிகிச்சை பற்றித் தமக்கையார் தஞ்சையிலிருந்து எழுதிய மடல், நாம் திறந்தே பாராத புதிய பெட்டியில் நான்கு நாள் கிடந்தது. சிகிச்சைக்கு முன்னிரவுதான் தஞ்சை சேர்ந்தோம்.

அஞ்சல் எங்கே சேரவேண்டும் என்பதை 1986இல் வகுக்கப்பட்ட எம்.எக்ஸ். பதிவு சொல்லுகிறது. வழிமாற்றி அனுப்பும் கட்டளையோ பழைய சேவையகத்திலேயே தங்கிவிடும். புதிய இடத்தில் மீண்டும் எழுதவேண்டும். பழைய கணக்கையும் சில நாள் மூடலாகாது. வழிமாறி வரும் மடலில் அனுப்புநர் தமக்கையார், கொணர்வது நம் சேவையகம். ஆதலின் பெறுமிடம் போலியென்று ஐயுறுவதும் உண்டு. இப்போதெல்லாம் மாற்றம் செய்த அன்றே தமக்கையாரை ஒரு வரி எழுதச் சொல்லுகிறோம்.